படுக்கையறைக்கு மரத்தளம்: நம் ஊர் ஈரத்துக்கு எந்தப் பலகை?

தென்காசிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு மச்சு இருந்தது. முழுக்க அயினிப் பலகை. கோடை மதியத்தில் அதில் பாய்கூட விரிக்காமல் படுத்துக்கொள்வோம். மேலே நடப்பது யார் என்று கீழே கூடத்தில் இருப்பவர்கள் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். சென்னையில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியபோது, ஒரு அறையிலாவது காலுக்கடியில் மரம் வேண்டும் என்று எனக்கு வந்த ஆசைக்கு அந்த மச்சுதான் காரணம்.

நான்கு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். தேக்கு, ஓக், இன்ஜினியர்டு வுட், லேமினேட், எஸ்.பி.சி. என்று ஒவ்வொரு கடையிலும் ஒன்றைச் சொன்னார்கள். எல்லாக் கடையிலும் முதலில் காட்டியது நிறம்தான். நிறத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது: அந்த அறைக்குள் ஈரம் எந்தெந்த வழியில் வருகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், காட்டிய பலகைகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும் அறையில் பல நாள் கிடந்த பலகைக்குள், அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் தண்ணீர் இருக்கும். ஈரப்பதம் 50 சதவீதமானால் அது 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னல் திறந்து கிடக்கும் சென்னை அறைக்கு முதல் கணக்கு பொருந்தும். சித்திரை, வைகாசியில் இரவும் பகலும் ஏசி ஓடும்போது அதே அறை இரண்டாவது கணக்குக்குப் போய்விடும். இடையிலுள்ள அந்த 5 சதவீதத்தை வாங்கும்போது பலகை அகலத்தில் உப்பும், விடும்போது சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு.

எவ்வளவு உப்பும் என்பது மரத்துக்கு மரம் மாறும். 5 அங்குல அகலமுள்ள சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை, இந்த 5 சதவீதத்துக்கு 1 மில்லிமீட்டர் சொச்சம் விரியும். அதே அகல வெள்ளை ஓக் 2 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். கேட்க அற்பமாகத் தோன்றும். 10 அடி அகல அறை முழுக்கக் கூட்டிப் பாருங்கள்: தேக்குக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், ஓக்குக்கு இரண்டு அங்குலத்துக்கும் மேல். பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதி சுவரை நோக்கித் தள்ளும். சுவரோரத்தில் இடைவெளி விடாமல் போட்டிருந்தால் தளம் நடுவில் கூரை போல எழும்பிவிடும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் ஓக் பலகைகளை அந்த ஊர் வீடுகளுக்கு ஏற்ப 7 முதல் 11 சதவீத ஈரத்துக்குள் உலர்த்தி அனுப்புகிறார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி, காற்று காய்ந்து கிடக்கும் வீட்டுக்கு அதுதான் சரி. நம் கடற்கரை ஊர்களில் அந்தப் பலகை முதல் மழைக்காலத்திலேயே 14ஐ நோக்கி ஏறும். பலகை அகலமாக இருக்க இருக்க ஆட்டமும் கூடும். 7 அங்குலம், 8 அங்குலம் என்று கண்ணுக்கு அழகாகக் காட்டும் முழு ஓக் பலகைதான் அதிகம் படுத்தும். அதனால் முழு ஓக், மேப்பிள், ஹிக்கரி மூன்றையும் சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அழகான மரங்கள்தான், ஆனால் இந்தக் காற்றுக்குப் பழகாதவை.

சரி, தேக்குக்கு வருவோம். தேக்கு எல்லா மரத்தையும்விடக் கடினமானது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். தளப் பலகைகளின் கடினத்தை ஜங்கா சோதனையால் அளக்கிறார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு மரத்தில் பாதி புதைய எத்தனை பவுண்டு அழுத்தம் வேண்டும் என்பது கணக்கு. வெள்ளை ஓக்குக்கு சுமார் 1,360, மேப்பிளுக்கு 1,450, ஹிக்கரிக்கு 1,820. தேக்குக்கு 1,000 முதல் 1,100 வரைதான். பீரோவை இழுத்தால் தேக்கில் கோடு விழும், நாற்காலிக் கால் பள்ளம் போடும். தேக்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. உப்பலும் சுருங்கலும் அதற்குக் குறைவு. உள்ளிருக்கும் இயற்கை எண்ணெய் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், கறையானையும் அண்டவிடாது.

இந்த நல்ல குணமெல்லாம் வைரத்துக்குத்தான், அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பாகத்துக்குத்தான் உண்டு. அதைச் சுற்றியுள்ள வெளிப்பக்கத்து வெள்ளையைக் கறையானும் உளுப் பூச்சியும் மற்ற மரத்தைப் போலவே தின்னும். சீக்கிரம் வெட்டிய இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். வெள்ளையையும் வைரத்தையும் சேர்த்து இழைத்து, மேலே ஒரே நிறத்தில் சாயம் பூசிவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் சாயம் ஏறாத பலகையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு முகத்தையும் திருப்பிப் பாருங்கள், முனையில் அறுத்த இடத்தையும் பாருங்கள்.

பெயரை நம்பியும் வாங்கக் கூடாது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு டிப்போவில் 'பர்மா' என்று சொல்லிக் காட்டுவதில் எது பழைய இருப்பு, எது அறுத்து வந்தது, எது கானாவிலிருந்தோ ஈக்வடாரிலிருந்தோ வந்த தோட்டத் தேக்கு என்று வாய்ச்சொல்லை வைத்துப் பிரிக்க முடியாது. ஆப்பிரிக்கத் தேக்கில் குறை என்று நான் சொல்லவில்லை. நன்றாக விளைந்த மரம் எங்கிருந்து வந்தாலும் நல்ல மரம்தான். பர்மா விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் கவலை. கேரளத்து நிலம்பூர்த் தேக்கு கிடைத்தால் ரசீதோடு வாங்குங்கள். 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்த ஊர் அது.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 120 சதுர அடி அறைக்கு முக்கால் அங்குலப் பலகை என்றால் தளத்தில் நிற்கும் மரம் மட்டும் ஏழரை கன அடி. அறுப்பு, இழைப்பு, பலகைகளை ஒன்றோடொன்று கோர்க்க நாக்கு-காடி எடுப்பதில் போகும் சேதம், கழித்துப்போட்ட வெள்ளை எல்லாம் சேர்த்தால் பத்து கன அடிக்கு மேல் வாங்க வேண்டிவரும். டிப்போ விலையை அந்தப் பத்தோடு பெருக்க வேண்டும். நிறையப் பேர் ஏழரையோடு பெருக்கிவிட்டுப் பாதியில் திணறுகிறார்கள். அப்புறம் ஆசாரி கூலி, கீழே ரீப்பர் கட்டை, பாலிஷ்.

தாத்தா வீட்டு மச்சு அத்தனை வருஷம் எப்படி நின்றது என்று யோசித்தபோதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. அந்தப் பலகைகள் உத்திரத்தின் மேல் குறுக்கே கிடந்தன. மேலேயும் காற்று, கீழேயும் காற்று. ஈரம் ஏறினால் இரண்டு முகமும் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே காயும். இன்றைக்கு நாம் அதே பலகையை சிமெண்ட் தளத்தின் மேல் படுக்க வைக்கிறோம். மேல்முகம் ஏசியில் காய்கிறது, கீழ்முகம் தளத்து ஈரத்தைக் குடிக்கிறது. கீழ்ப்பக்கம் உப்பி மேல்பக்கம் சுருங்கினால் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், நடுவில் குழி விழும். புதுக் கட்டடத்தில் இந்த ஆபத்து மிக அதிகம், ஏனென்றால் காங்கிரீட் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுவையுங்கள். எடுக்கும்போது அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ மரவேலையைத் தள்ளிப்போடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் தள்ளித்தான் போட வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்த விடைதான் இன்ஜினியர்டு வுட். கேர்ஸ் என்ற நிறுவனம் 1941இல் பல அடுக்குப் பலகைக்குக் காப்புரிமை வாங்கியது. மேலே நிஜ மரம் ஒரு அடுக்கு, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய அடுக்குகள். ஒரு அடுக்கு அகலத்தில் உப்பப் பார்த்தால் குறுக்கே கிடக்கும் அடுக்கு அதை இழுத்துப் பிடிக்கும். மரத்தின் குணம் எங்கும் போய்விடவில்லை, அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முழு ஓக் வேண்டாம் என்று சொன்ன நானே, இந்த வகையில் ஓக் வேண்டும் என்றால் தயங்காமல் சரி என்பேன்.

ஆனால் இன்ஜினியர்டு என்ற ஒரே பெயரில் கடையில் விற்பதெல்லாம் ஒரே தரம் கிடையாது. மேலுள்ள நிஜ மரத்தின் கனத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். அரை மில்லிமீட்டர் ஒட்டியதும் உண்டு, 6 மில்லிமீட்டர் ஒட்டியதும் உண்டு. அரை மில்லிமீட்டர் என்றால் பத்து வருஷம் கழித்துத் தேய்த்துப் புதுசாக்க முடியாது, தேய்த்தால் அடியிலுள்ள ப்ளைவுட் தெரிந்துவிடும். 4 மில்லிமீட்டர் இருந்தால் ஆயுளில் இரண்டு மூன்று முறை தேய்த்துப் பாலிஷ் போடலாம். முழுப் பலகையிலும் தேய்க்கக் கிடைப்பது நாக்குக்கு மேலே உள்ள 5, 6 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய குறை இல்லை. அடுத்தது அடிப்பாகம். ஈரம் தாங்கும் ப்ளைவுட்டா, எச்.டி.எஃப். என்கிற அழுத்திய மரத்தூளா என்று கேட்க வேண்டும். நம் ஊருக்கு ப்ளைவுட் அடிதான். சமையலறை அலமாரிக்கு 710 என்கிற, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் தரத்தைக் கேட்டு வாங்குகிறோமே, தளத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும் என்பதால், அந்தக் கசிவு குறைவு என்று காட்டும் ஈ1 தரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலை மூடிக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்கும் அறை அது.

லேமினேட்டில் காலில் படும் மரம் கிடையாது. அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் மர ரேகை அச்சிட்ட காகிதம், அதற்கு மேல் கீறல் தாங்கும் தெளிவான பூச்சு. ஸ்வீடனில் 1977இல் உருவாகி உலகமெங்கும் பரவிய சரக்கு. கீறலை அது தேக்கைவிட நன்றாகவே தாங்கும். ஏசி3, ஏசி4 என்று பெட்டியில் போட்டிருப்பது அந்தத் தாங்குதிறனின் அளவு. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிரச்சினை தண்ணீர்தான். என் அக்கா வீட்டு ஹாலில் லேமினேட் போட்டார்கள். போட்டுக் கொடுத்தவர்கள் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஒரு நாள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று, ஆள் இல்லாத நேரத்தில் ஹால் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளில் இணைப்புகள் எல்லாம் வரப்பு போல எழும்பின. உப்பிய மரத்தூள் காய்ந்த பிறகும் பழையபடி இறங்கவில்லை. தேய்த்துச் சரிசெய்யவும் வழியில்லை, தேய்த்தால் படம் போய்விடும். ஹால் முழுக்கப் பெயர்த்து எடுத்தார்கள். அக்கா அன்றைக்கு அழுததைப் பார்த்தவன் என்பதால், தண்ணீர் எட்டக்கூடிய எந்த அறைக்கும் லேமினேட்டை நான் ஒத்துக்கொள்வதில்லை.

அதே ஹாலுக்குப் பிறகு எஸ்.பி.சி. போட்டார்கள். சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் சேர்த்துச் செய்த பலகை, 4 முதல் 6 மில்லிமீட்டர் கனம். தண்ணீர் கொட்டினால் துடைத்துவிட்டுப் போகலாம், கறையானுக்குத் தின்ன எதுவும் இல்லை. தினமும் ஆள் புழங்கும் ஹாலுக்கும் வாடகைக்கு விடும் வீட்டுக்கும் நல்ல சரக்கு. மதிய வெயில் நேராக விழும் பால்கனிக் கதவோரத்தில் மட்டும் வேண்டாம், சூட்டில் விரிந்து தூக்கும். காலுக்கு அது மரம் போல இருக்குமா என்றால், இருக்காது. மரத்தின் மேல் வெறுங்காலை வைத்தால் ஒரு இதமான சூடு தெரியும், அது இதில் கிடைக்காது. பார்க்க மரம் போல இருந்தால் போதும் என்பவர்களுக்கு குஜராத்தின் மோர்பியில் செய்து வரும் மர ரேகை டைல்ஸ் இன்னும் சுலபம். நாலடி நீளத்தில்கூடக் கிடைக்கிறது, கழுவியும் விடலாம்.

எனக்குச் சொன்ன விலைகளை ஒப்பிட்டால், கூலியோடு சேர்த்து லேமினேட் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் எஸ்.பி.சி. ஒன்றே கால் பங்கு, 4 மில்லிமீட்டர் மேல்மரம் உள்ள இன்ஜினியர்டு ஐந்து பங்கு, வைரத் தேக்கு எட்டுப் பங்கு வந்தது. ஊருக்கு ஊர் இது மாறும்.

தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து ஈரம் ஏறும், அதோடு கறையானும் ஏறும். ஓக்கும் ப்ளைவுட்டும் கறையானுக்கு விருந்து. கட்டும்போதே அடித்தளத்தில் மருந்து அடித்த வீடாக இருந்தாலும் அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. வெள்ளம் வரும் பகுதி என்றால் யோசிக்கவே தேவையில்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தரையில் டைல்ஸ், கல், ரெட் ஆக்சைடு ஏதாவது ஒன்றுதான். மர ஆசையை ஊஞ்சலிலோ கட்டிலிலோ தீர்த்துக்கொள்ளலாம்.

மேல்மாடி, பட்ஜெட்டும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது என்றால் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு: பழைய மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீடுகளின் தூண், நிலை, கதவு எல்லாம் விற்கிறார்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைகளை இடிக்கும்போதும் தேக்குக் கட்டைகள் வரும். பல தலைமுறை நம் ஊர்க் காற்றிலேயே கிடந்து, உப்பி, சுருங்கி, அடங்கிப்போன மரம் அது. அவற்றைப் பலகையாக அறுத்து மூன்று, மூன்றரை அங்குல அகலத்தில் தளம் போட்டால் அதன் நிறத்துக்குக் கிட்ட எந்தப் புதுப் பலகையும் வர முடியாது. ஒன்று மட்டும்: உள்ளே பழைய ஆணி இருக்கும். மில்லில் அறுக்கக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டையையும் மெட்டல் டிடெக்டரால் தடவி ஆணியைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் அறுக்கவே மறுத்துவிடுவார்கள். எனக்கு வேண்டிய அளவுக்கு ஒரே மாதிரிக் கட்டை சேரவில்லை என்பது இன்றைக்கும் மனக்குறைதான்.

மேல்பூச்சிலும் ஏமாறக் கூடாது. கதவுக்கும் மேஜைக்கும் போடும் மெலமைன் பாலிஷை அப்படியே தரைக்கும் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மண்ணோடு காலடி பட்டால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். தரைக்கென்று உள்ள இரண்டு பாகம் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு கெட்டியானது, ஆனால் கெட்டால் அறை முழுக்கத் தேய்க்க வேண்டும். எண்ணெய்-மெழுகுப் பூச்சில் கீறல் விழுந்த இடத்தை மட்டும் நாமே சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். நான் பி.யு. எடுத்தேன், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் பூச எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை என்பதால்.

கடைசி முடிவை எடுக்க வைத்தது அம்மாதான். எந்த மரத்தளத்துக்கும் சொட்டும் ஈரத்துணி ஆகாது, நன்றாகப் பிழிந்த துணியால் லேசாகத் துடைத்தால் போதும் என்று சொன்னபோது, "தெனமும் தண்ணி ஊத்தித் தொடைக்காத தரையில நான் எப்படிடா வெளக்கு ஏத்துறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஹாலிலும் பூஜை இடத்திலும் எண்ணெய் சொட்டும், தண்ணீர் தெளிப்போம், வருகிறவர்கள் மழையில் நனைந்த காலோடு உள்ளே வருவார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒரு அறைக்கு ஒரு துணி, மற்ற அறைக்கு ஒரு துணி என்று சொல்லலாம். வீடு முழுக்க வேறு பழக்கத்துக்கு மாறச் சொல்வது முறையில்லை. ஹால் டைல்ஸாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படுக்கையறை மட்டும் 11க்கு 12 அடி. அதற்கு 4 மில்லிமீட்டர் தேக்கு மேல்மரம், ப்ளைவுட் அடி, மொத்தம் 15 மில்லிமீட்டர் கனமுள்ள இன்ஜினியர்டு பலகை போட்டேன். பழைய டைல்ஸ் சமமாக இருந்ததால் உடைக்கவில்லை, மேலே 2 மில்லிமீட்டர் ஃபோம் விரித்துப் பலகையை இணைத்தார்கள். சுவரோரம் நான்கு பக்கமும் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங் என்கிற சுவரடிப் பட்டையால் மறைத்தோம். பலகைப் பெட்டிகளைப் பிரித்து அந்த அறையிலேயே ஒரு வாரம் கிடக்க விட்டேன், இரவில் வழக்கம்போல ஏசி போட்டு. தளம் 17 மில்லிமீட்டர் உயர்ந்ததால் கதவைக் கழற்றி அடியில் இழைக்க வேண்டியிருந்தது. இதை எந்தக் கடையிலும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆசாரிக்கு அரைநாள் கூலியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை வாசலில் ஒரு கருங்கல் படி வைத்து, மரம் அதற்கு இப்பக்கமே நின்றுவிடும்படி செய்தோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மார்கழியில் பலகைகள் ஒட்டி நிற்கின்றன, மே மாதத்தில் சீட்டுக் கட்டு அட்டை நுழையும் அளவுக்கு மெல்லிய இடுக்கு தெரிகிறது, மழை வந்ததும் மூடிக்கொள்கிறது.

மீந்த ஒரு பெட்டிப் பலகையை முதலில் பரணில் போட்டு வைத்திருந்தேன். பரணில் சூடு வேறு, ஈரம் வேறு என்று தோன்றியதும் இறக்கி, அதே அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். என்றாவது ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால், தரையில் கிடப்பதும் கட்டிலுக்கடியில் கிடப்பதும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.